உளுந்து முளைத்த மைதானம்

மொபெட்டை வாய்க்கால் மதகோரம் நிறுத்தினேன். பின்னால் உட்கார்ந்திருந்த மாமனார் இறங்கி, மடியில் வைத்திருந்த நோட்டீஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரப்பில் ஏறினார். மன்னார்குடி அச்சாபீசில் அப்போதுதான் வாங்கியது. ரோஸ் காகிதம். மை சரியாகக் காயாமல் அவருடைய வெள்ளைச் சட்டையில் விலாப்பக்கம் நீலமாக ஒட்டியிருந்தது. அதைச் சொன்னால் வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே வருவார் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

மாசி மாதத்துக் காலை. பனி விலகி வெயில் ஏறுகிற நேரம். அறுத்து முடித்த வயலிலிருந்து வைக்கோல் வாசனையும் அடியில் மிச்சமிருக்கும் ஈரத்தின் வாசனையும் சேர்ந்து வரும். தஞ்சாவூர் டவுனில் பிறந்து வளர்ந்த எனக்கு, இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததில் உடனே பிடித்துப்போனது அந்த வாசனை ஒன்றுதான். மற்றதெல்லாம் பிடிக்க நாளானது.

“வடக்கு கோல் போஸ்ட்ட இந்த வருஷம் கொஞ்சம் தள்ளி நடணும். போன வருஷம் அங்கதான் பள்ளம்” என்று சொல்லிக்கொண்டே போனவர், பாதி வரப்பில் நின்றுவிட்டார்.

வயல் முழுக்க, வெட்டுப்பட்ட நெல் தாள்களுக்கு நடுவே, சின்னச் சின்னப் பச்சை. இரண்டிரண்டு இலையாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

“என்ன மாமா, புல்லா?”

அவர் குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். பிடுங்கவில்லை.

“உளுந்து” என்றார்.

எங்கள் பக்கத்தில் நெல் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லுக்குப் பாய்ச்சிய ஈரத்திலேயே முளைத்து, பனியைக் குடித்தே வளர்ந்து, பங்குனி கடைசியில் கைக்கு வந்துவிடும். ஊரில் எல்லா வயலிலும் அப்படித்தான். ஒன்றரை ஏக்கருக்கு மேல் வரும் அந்த அஞ்சு மா வயலில் மட்டும் ஒருநாளும் தெளித்ததில்லை. அதில்தான் மாசி மாதம் ஃபுட்பால் மேட்ச் நடக்கும்.

நோட்டீஸில் “இடம்: மேலத்தெரு நடேசன் அவர்கள் வயல்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நடேசன் என்பது என் மாமனார். ஆனால் வயல் இப்போது அவருடையது இல்லை. போன வைகாசியிலேயே காளிமூர்த்திக்குக் கிரயம் பண்ணிக் கொடுத்தாகிவிட்டது. பத்திரம் முடிந்து, பட்டாவும் மாறிவிட்டது. ஊர் வாய் மட்டும் மாறவில்லை, எங்கள் மாமனார் வாய் உட்பட.

முடியாத ஃபைனல்

இந்த மேட்சைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்குப் புரியாது.

மாமனார் தஞ்சாவூரில் காலேஜ் படித்தவர். படித்தார் என்பதைவிட கோல் கீப்பராக இருந்தார் என்பது பொருத்தம். அந்தக் காலத்தில் காலேஜ்களுக்கு இடையே நடந்த டோர்னமென்டில் அவருடைய தஞ்சாவூர் அணியும் மன்னார்குடி அணியும் ஃபைனலுக்கு வந்தன. கார்த்திகை மாதம். ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. டெல்டா மழை பிடித்தால் விடுமா? மைதானம் நாற்றங்கால் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் இரண்டு பேரும் ஜெயித்ததாக அறிவித்து, கோப்பையை ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று பங்கு போட்டார்கள்.

மாமனாருக்கு இது பொறுக்கவில்லை. “ஜெயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்ல, இது என்னய்யா பொழப்பு?” என்று அன்று கேட்டதை, நான் கல்யாணமாகி வந்த பிறகும் அதே கோபத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு அணியையும் கூப்பிட்டு, “எங்க ஊருக்கு வாங்க. மாசியில எங்க வயல் காஞ்சிரும். அங்க முடிச்சிக்குவோம்” என்றாராம். வந்தார்கள். அறுத்த வயலில், தாள் கணுக்காலைக் குத்தக் குத்த விளையாடினார்கள். அந்த ஆட்டத்தில்தான் அவருடைய மோதிர விரல் வளைந்துபோனது. பிறகு அந்த விரலில் மோதிரம் ஏறவே இல்லை.

அதுவும் டிராவில் முடிந்தது. எங்கள் ஊர் மேட்சே இந்த ஒரு காரணத்தால்தான் உயிரோடு இருக்கிறது. அன்றைக்கு யாராவது ஒருத்தர் ஜெயித்துத் தொலைத்திருந்தால் அதோடு போயிருக்கும். அடுத்த மாசியில் மறுபடியும் வந்தார்கள். ஆட்டக்காரர்கள் படிப்பு முடிந்து போனார்கள். புதுப் பையன்கள் வந்தார்கள். யார் எத்தனை முறை ஜெயித்தார்கள் என்று இரண்டு காலேஜும் இரண்டு விதமாகச் சொல்லும்.

சீசன் எல்லாம் முடிந்த பிறகு நடக்கிற ஆட்டம். இதில் ஜெயித்தால் பாயின்ட் கிடையாது, சர்ட்டிபிகேட் கிடையாது. எந்த அணியின் சாதனையிலும் இது சேராது. அதனாலேயே பையன்களுக்கு இதில் ஒரு கொண்டாட்டம். கோச்சுகள் கூடக் கத்தாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து கரும்பு கடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மரக்காலில் வந்த பூனைக்குட்டி

கோப்பைதான் பங்கு போய்விட்டதே, பரிசுக்கு என்ன செய்வது? மாமனார் வீட்டிலிருந்து நெல் அளக்கிற மரக்காலை எடுத்து வந்தார். பித்தளைப் பட்டம் கட்டிய பழைய மரக்கால். அதில் புதுநெல்லைக் கோபுரமாகக் கொட்டிக் கொடுத்ததால் மரக்கால் மேட்ச் என்றே பெயர் வந்துவிட்டது. ஜெயித்தவர்கள் நெல்லோடு எடுத்துப்போய், ஒரு வாரத்தில் மரக்காலை எங்கள் வீட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் மரக்காலாகக் கொடுக்கக் கூடாது.

என்னென்னவோ வந்திருக்கிறது. ஒரு வருஷம் கமலா ஆரஞ்சு. ஒரு வருஷம் ஹாஸ்டல் சமையல்காரர் செய்த மைசூர்பாகு, சுத்தியல் வைத்து உடைத்தோம். ஒரு வருஷம் துண்டு போட்டு மூடி ஒரு பூனைக்குட்டி. அத்தை, அதாவது என் மாமியார், “இத யாருடா கேட்டா?” என்று திட்டிக்கொண்டே பாலை ஊற்றினார். அது எங்கள் வீட்டிலேயே தங்கி, மூன்று தலைமுறை பெருக்கிவிட்டுப் போனது.

ஆட்டக்காரர்களுக்கு மத்தியானச் சாப்பாடு ஊர் வீடுகளில். வீட்டுப் பெயர்களைச் சீட்டு எழுதி மரக்காலில் போட்டுக் குலுக்குவார்கள். ஆட்டக்காரப் பையன் ஒரு சீட்டை எடுப்பான். எந்த வீடு வருகிறதோ அங்கே சாப்பாடு. அதோடு ஒரு சட்டமும் உண்டு. எந்த அணிப் பையன் உங்கள் வீட்டில் சாப்பிட்டானோ, அந்த அணிக்குத்தான் உங்கள் வீடு முழுக்கக் கைதட்ட வேண்டும்.

நான் வந்த முதல் மாசியில் எங்கள் வீட்டுக்கு ஒரு மன்னார்குடிப் பையன் வந்தான். ஒல்லிக்குச்சி. என் கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்த கதையை இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதிவிட்டேன். அந்த அவமானம் தீர, நான் அவனுக்குப் பாயசமாக ஊற்றினேன். பாவம், ஆட்டத்தில் அவனால் ஓட முடியவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான். தஞ்சாவூர் கோல் கீப்பராக விரலை ஒடித்துக்கொண்ட என் மாமனார், பல்லைக் கடித்துக்கொண்டு “மன்னார்குடி! மன்னார்குடி!” என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. சட்டம் என்றால் அவருக்குச் சட்டம்தான். மனிதரை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அந்த மரக்காலில் தெற்குத் தெரு வீடுகளின் பெயர் ஒன்றுகூட இருந்ததில்லை. எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. எழுத வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றியதில்லை.

வயலை வாங்கியவர்

காளிமூர்த்தி தெற்குத் தெரு. அவருடைய அப்பா காலத்திலிருந்து எங்கள் நிலத்தில் கூலிக்கு வந்தவர்கள். பிறகு கொஞ்சம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தார். மகன் சிங்கப்பூருக்குப் போய் நிமிர்ந்தபின், என் கடைசி நாத்தனார் கல்யாணத்துக்காக நாங்கள் அஞ்சு மாவை விற்க வேண்டி வந்தபோது, காளிமூர்த்தியே வாங்கிக்கொண்டார்.

மேட்சுக்காக வருஷா வருஷம் அந்த வயலைத் தாள் அறுத்து, மட்டம் தட்டி, உருளை ஓட்டி, மூங்கில் நட்டது எல்லாம் அவர்தான். ஒருமுறை ஆட்டத்தின் நடுவே மேய்ச்சலுக்கு வந்த வாத்துக் கூட்டம் மொத்தமாக மைதானத்தில் இறங்கிவிட்டது. பந்து எது, வாத்து எது என்று தெரியாமல் பையன்கள் திண்டாட, வாத்துக்காரனைவிடப் பெரிய குரலில் சத்தம் கொடுத்து அத்தனையையும் வாய்க்காலுக்கு ஓட்டியவர் காளிமூர்த்தி. ரெஃப்ரி கை கொடுத்தார். ஊரே கைதட்டியது. சாப்பாடு மட்டும் அவர் தன் வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

இப்போது வயல் அவருடையது. அவர் வயலில் அவர் உளுந்து தெளித்திருக்கிறார்.

மாமனார் அன்றைக்கு வீட்டுக்கு வந்து நோட்டீஸ் கட்டை மேசையில் எறிந்த வேகத்தில் பூனை எழுந்து ஓடியது.

“காளி இப்படிப் பண்ணுவான்னு நெனக்கல. தெரியாதா அவனுக்கு? மாசியில என்ன நடக்கும்னு தெரியாதா?”

அத்தை கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “நம்ம வயல்ல வந்து தெளிச்சிட்டாங்களா?” என்றார்.

“என்ன பேசற நீ?”

“கேக்கறேன். அவங்க வயல்லதானே தெளிச்சிருக்காங்க?”

மாமனார் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அந்த நேரத்தில்தான் முதுகில் நீலக் கறையைப் பார்த்தேன்; விலாவிலிருந்து முதுகு வரைக்கும் பரவியிருந்தது. சட்டை போனது போனதுதான்.

அடுத்த சில நாட்கள் வீட்டில் ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். மேட்ச் கமிட்டி என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மேலத்தெருக்காரர்கள். வேறு வயலில் நடத்தலாமா என்றால் எல்லா வயலிலும் உளுந்து. ஒருவர், “இப்பத்தான முளைச்சிருக்கு. ஒரு ஆட்டத்துல என்ன கெட்டுப்போயிரும்? உருளையை விட்டுருவோம்” என்றார்.

மாமனார் எழுந்துவிட்டார். “முளைச்ச பயிர மிதிச்சுத்தான் ஆடணும்னா அப்படி ஒரு ஆட்டமே வேண்டாம். எந்திரிச்சுப் போய்யா.”

வந்தவர் எழுந்து போய்விட்டார். அப்படியானால் மேட்ச் இல்லை. மாமனார் சாப்பாட்டில் கை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். மஸ்கட்டில் இருந்த என் வீட்டுக்காரர் போனில், “அப்பா என்ன, யாராச்சும் செத்துப்போன மாதிரி பேசறாரு?” என்று கேட்டார். இளமையிலேயே ஆரம்பித்து அவர் கையால் வளர்த்த ஒன்று அது. அது அவர் கண் முன்னால் நின்றுபோகப் போகிறது.

ஒரு வார்த்தை

நான் பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் நிறுத்தத்தில் காளிமூர்த்தியின் மனைவி அஞ்சலை நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார்.

“டீச்சர், ஐயா ரொம்பக் கோவமா இருக்காங்களாமே?”

“கோவம்னு இல்லீங்க, வருத்தம்.”

“எங்க வூட்டுக்காரரு மார்கழியில இருந்து சொல்லிக்கிட்டே இருந்தாரு, ஐயா வருவாங்க, மேட்சுக்கு வயல் கேப்பாங்கன்னு. வெதை உளுந்த மூட்டையிலயே வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஊரே தெளிச்சு முடிச்சிருச்சு. ஈரம் போவுது. யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா சொல்லுங்க? பொறவு என்னத்துக்குன்னுதான் நானே தெளிக்கச் சொன்னேன். இப்ப நோட்டீஸ் மட்டும் அடிக்கத் தெரியுது, அதுலயும் அவங்க பேரு. பொறவு என்னத்துக்குன்னுதான் நானே தெளிக்கச் சொன்னேன்.”

பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, “கேட்டிருந்தா விட்டிருப்போம் டீச்சர்” என்றார்.

எனக்கு அன்றைக்குப் பாடம் ஓடவில்லை. மேட்சுக்கு முன்னால் எல்லாருக்கும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது எங்கள் வீட்டு முறை. இரண்டு காலேஜுக்கும், ரெஃப்ரிக்கும், தப்படிக்கிறவர்களுக்கும், ஏன், கலர் சோடா கடைக்காரருக்கும்கூடத் தட்டு போகும். வயலுக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் போனதில்லை. இத்தனை வருஷமும் அது நாங்களேதானே! நமக்கு நாமே தட்டு வைத்துக்கொள்வோமா? வயல் கை மாறியதும் தட்டும் போக வேண்டும் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சாயங்காலம் மாமனாரிடம் அஞ்சலை சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து வளைந்த விரலைத் தடவிக்கொண்டிருந்தார்.

அத்தைதான் உள்ளேயிருந்து தட்டைக் கொண்டுவந்து வைத்தார். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பூவன்பழம்.

மாமனார் தட்டையே பார்த்தார். எழுந்து வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். “வண்டிய எடும்மா” என்றார்.

தெற்குத் தெருவில்

மொபெட்டில் பின்னால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர். தெற்குத் தெருவுக்குள் நுழைந்ததும் வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து பார்த்தார்கள். அவர் அந்தத் தெருவுக்கு வந்ததே இல்லை என்றில்லை. ஆள் கூப்பிட வந்து, தெருமுனையில் நின்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

காளிமூர்த்தி வாசலில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்ததும் துண்டைத் தோளில் போடுவதா இடுப்பில் கட்டுவதா என்று ஒரு கணம் தடுமாறி, தோளிலேயே போட்டுக்கொண்டார். அஞ்சலை பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

“என்ன காளி…” என்று ஆரம்பித்த மாமனார் அதோடு நிறுத்திக்கொண்டார். தொண்டையைச் செருமினார். “காளிமூர்த்தி, உங்க வயல மேட்சுக்கு விடணும். அதக் கேக்கத்தான் வந்தேன். முன்னாடியே வந்திருக்கணும்.”

அவர் வாயிலிருந்து ‘உங்க வயல்’ என்று வந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. தட்டை நீட்டியபடி அவர் நின்றார். காளிமூர்த்தி உடனே வாங்கவில்லை.

“முளைச்சிருச்சேங்க ஐயா. அத என்னங்க பண்றது?”

“முளைச்சத யாரு மிதிக்கச் சொன்னா? அது வெளையட்டும். நீங்க எடுத்த பொறவு ஆடறோம்.”

“அது சித்திரை ஆயிருமேங்க. பசங்களுக்குப் பரீச்சை இருக்குமே?”

“பரீச்சை முடிஞ்சு வரட்டும். வெயில்ல வேகட்டும். கெட்டா போயிருவானுங்க?”

காளிமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை நீளப்போன நேரத்தில் அஞ்சலை குறுக்கே பேசினார்.

“வயலு விடறோம்ங்க. ஆனா சீட்டுல எங்க வூட்டுப் பேரும் இருக்கணும். எங்க தெரு மொத்தமும் இருக்கணும். நாங்களும் நல்லாத்தான் சோறு ஆக்குவோம்.”

மாமனார் அவரைப் பார்த்தார். மேலத்தெருவில் யார் யார் முகம் சுளிப்பார்கள் என்று அந்தக் கணத்தில் அவர் மனதில் ஓடியிருக்கும். எனக்கே ஓடியது.

“இருக்கும்மா” என்றார். “பேர எழுதறது இந்த டீச்சர்தான். எழுதாம விட்டா என்கிட்ட சொல்லு.”

காளிமூர்த்தி தட்டை வாங்கிக்கொண்டார். இஞ்சி தட்டிப் போட்ட டீ வந்தது. மாமனார் உட்கார்ந்து ஊதி ஊதி முழுவதும் குடித்தார். குடித்த டம்ளரைக் கீழே வைக்காமல் அஞ்சலை கையில் கொடுத்தார்.

கிளம்பும்போது காளிமூர்த்தி சொன்னார்: “வயலு எங்களுதுன்னு நீங்க வந்து கேட்டீங்க. மரக்கா உங்களுது. அத நான் வந்து கேக்கணும். நாளைக்கு வரேங்க.”

மறுநாள் வந்தார், தட்டோடு. மாமனார் மரக்காலைத் துடைத்து எடுத்துவந்து, “எடுத்துட்டுப் போங்க” என்று கொடுத்தார்.

சித்திரை ஆட்டம்

வயல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. வெடிப்பில் மண் நிரப்பி, பம்ப்செட் தண்ணீரைத் தெளித்து, டிராக்டரை விட்டு அமுக்கினார்கள். வெயில் தாழ்ந்த பிறகுதான் ஆட்டம். நோட்டீஸ் புதிதாக அடித்தோம். “இடம்: தெற்குத்தெரு காளிமூர்த்தி அவர்கள் வயல்.” மேலத்தெருவில் இரண்டொரு வீடு அந்த வருஷம் சீட்டே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. மறு வருஷம் அவர்களும் வந்து சேர்ந்தார்கள். காளிமூர்த்தி வீட்டில் புது உளுந்தை அரைத்துச் சுடுகிற வடையின் வாசனை மேலத்தெரு வரைக்கும் வரும். எத்தனை நாள்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்க முடியும்?

பரிசும் மாறியது. மரக்காலில் நெல்லுக்குப் பதில் உளுந்து.

பரீச்சைக்குப் பிறகு போனதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மாசியில் விளையாடியவர்கள் மறுநாள் வகுப்புக்குப் போவார்கள். சித்திரையில் விளையாடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் காலேஜின் கடைசி நாள். இனி ஒருத்தன் வெளிநாட்டுக்கு, ஒருத்தன் திருப்பூருக்கு, ஒருத்தன் அப்பாவின் உரக்கடைக்கு. விசில் ஊதிய பிறகும் பையன்கள் வயலை விட்டு வெளியே வரமாட்டார்கள். பம்ப்செட் தொட்டியில் இரண்டு அணியும் ஒன்றாக விழுந்து குளிப்பார்கள். யார் எந்த அணி என்றே தெரியாது. தோற்ற பையன் அழுவான், ஜெயித்தவனும் அழுவான். எங்களூர் மேட்சுக்கு இப்போது எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள் என்றால், அந்த ஒரு மாலைப்பொழுதைப் பார்க்கத்தான் என்று நினைக்கிறேன். எனக்கும் ஒவ்வொரு வருஷமும் கண் கலங்கும்.

அன்றிலிருந்து இரண்டு தட்டும் நிற்கவில்லை. மார்கழியில் நாங்கள் போய் வயல் கேட்போம், அது பேச்சுக்கு. உளுந்து எடுக்கிற நேரத்தில் மறுபடி போய் நாள் கேட்போம். மறுநாள் அவர் வந்து மரக்கால் கேட்பார். “எடுத்துட்டுப் போங்க” என்பார் மாமனார். “இன்னும் எதுக்குங்க வருஷா வருஷம் கேட்டுக்கிட்டு?” என்று அஞ்சலை சிரிப்பார். ஆனால் நாள் தள்ளிப்போனால் டீக்குப் பாலை வாங்கி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருப்பார்.

மரக்கால் கேட்க வந்தவர்

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு தை மாதம் மாமனார் போய்விட்டார். அத்தை அவருக்கு முன்பே போயிருந்தார். துக்க வீட்டில் வருஷம் திரும்பும்வரை நல்லது எதுவும் எடுத்துச் செய்வதில்லை. மார்கழியில் போயிருந்த தட்டோடு சரி. உளுந்து எடுக்கிற நேரம் வந்தபோது, தட்டை எடுத்துக்கொண்டு போகிற யோசனையே எனக்கு வரவில்லை. அவரே இல்லை, மேட்ச் என்ன மேட்ச் என்றிருந்தது. இந்த வருஷம் இருக்காது என்று ஊரும் முடிவு கட்டிவிட்டது. காலேஜிலிருந்து கேட்டு வந்த போனை நான் எடுக்கவில்லை.

சித்திரை பிறந்து ஒருநாள் காலை, காளிமூர்த்தி வந்தார். தலை நன்றாக வெளுத்திருந்தது. கையில் தட்டு இல்லை. துக்க வீட்டுக்கு வெற்றிலை பாக்குத் தட்டு கொண்டுவரக் கூடாது என்று அவருக்குத் தெரியும். வெறும் கையோடு வந்து கூடத்தில் நின்றார்.

“உக்காருங்க” என்றேன். உட்காரவில்லை.

சுவரில் மாமனாரின் படம். மாலை காய்ந்திருந்தது. அதன் முன்னால் போய் நின்று, துண்டைத் தோளிலேயே சரிசெய்துகொண்டு, எப்போதும் பேசுகிற குரலில் சொன்னார்:

“மரக்கா கேக்க வந்திருக்கேங்க.”

சொல்லிவிட்டு நின்றார். பதிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரியே நின்றார். உள்ளே ஓடிப்போய், பரண் ஓரம் தூசி படிந்து கிடந்த மரக்காலை எடுத்து, புடவைத் தலைப்பாலேயே பித்தளைப் பட்டத்தைத் துடைத்துக் கொண்டுவந்தேன்.

நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“ஐயா ‘எடுத்துட்டுப் போங்க’ன்னு சொல்லுவாங்க. அத யாராச்சும் சொல்லணுமில்ல, டீச்சர்?”

“எடுத்துட்டுப் போங்க” என்றேன். அழுதுகொண்டே மறுபடியும் ஒருமுறை சொன்னேன்.

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாசல்வரை போனவரைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டு முறை ஒன்று பாக்கி இருந்தது. தட்டு இல்லை, பழம் இல்லை, கண்ணைத் துடைக்கக்கூட நேரமில்லை.

“மேட்சுக்கு உங்க வயல் வேணுங்க” என்றேன்.

மரக்காலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு காளிமூர்த்தி திரும்பினார்.

“உளுந்த நேத்தே எடுத்துட்டேன் டீச்சர்” என்றார்.